கோடையில் கோடியக்கரை: காலையில் காடு, மாலையில் கடல்

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பூநாரைக்காகக் குளிர்காலத்தில் போகிறார்கள். அந்தக் கூட்டத்தை எண்ணிக்கொண்டு மே மாதத்தில் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆனால் கோடை, உள்ளூர்ப் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். எண்ணிக்கை குறைவு, பார்ப்பதற்கான நடத்தை அதிகம்.

வெளிமானுக்காக 1967இல் சரணாலயமான இப்பகுதி, 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலமாயிற்று. வறண்ட பசுமைமாறாக் காடும் சேற்றுநிலமும் மணற்கரையும் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. 2018 நவம்பரில் அடித்த கஜா புயலில் மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. உள்ளே செல்ல வனத்துறையின் அனுமதி வேண்டும். பாதை தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் இருப்பது நல்லது.

நடையின் வரிசையைச் சூரியன்தான் முடிவு செய்கிறது. கிழக்குக் கரையில் காலையில் நின்றால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். பறவைகள் கறுப்பு உருவங்களாகவே தெரியும். ஆகவே காலையில் காடு, மாலை நான்கு மணிக்கு மேல் கடல். முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிட்டால் விடியும்போது காட்டோரம் நிற்கலாம்.

காட்டில் அலைவதைவிடப் பழுத்த பாலை மரம் ஒன்றின் அருகே அரைமணி நேரம் அசையாமல் உட்காருவது மேல். குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி எல்லாம் பழத்துக்குத் தாமே வந்து சேரும். முள்புதருக்குள் செண்பகத்தைத் துரத்துவது வீண்வேலை, உண்ணிக்கடிதான் மிச்சம். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்வது அழகில்லை, அவசியம்.

வெயில் ஏறியதும் சேற்றுநிலத்தில் கானல் நெளியத் தொடங்கும். அதன்பின் பெரிய தொலைநோக்கி உதவாது, நெளிவையும் சேர்த்தே பெரிதாக்கும். எட்டு மடங்கு பைனாகுலர் போதும். இங்கே தென்படும் உள்ளான்களில் சில, வடக்கே திரும்பாமல் முதல் கோடையைக் கழிக்கும் இளம்பறவைகள். ஏப்ரலில் புறப்படத் தயாராகும் கர்லூ உள்ளான் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். இளசு சாம்பல் நிறத்திலேயே இருக்கும். இரண்டையும் வெவ்வேறு இனமென்று குறித்துக்கொள்வது புதியவர்களிடம் சகஜம். நண்பகலில் பறவைகளும் நிழல் தேடும், மனிதரும் அதையே செய்யலாம்.

மாலையில் கரையோரம் தேட வேண்டியது அனுமன் உப்புக்கொத்தி. தென்னிந்திய, இலங்கைக் கரைகளில் ஆண்டு முழுதும் தங்கும் இச்சிறு பறவை 2023இல்தான் தனி இனமாக மீண்டும் ஏற்கப்பட்டது. உப்புக்கொத்திகளின் கூடு மணலில் ஒரு சிறு குழி, அவ்வளவே. புள்ளியிட்ட முட்டை கிளிஞ்சல் துண்டுகளோடு கலந்துபோகும், காலடியில் இருந்தாலும் தெரியாது. பறவை இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஓடினால், கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பொட்டல் தரையில் ஆட்காட்டி தலைக்கு மேல் கத்திச் சுற்றினாலும் அப்படியே. அது தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு போய் முட்டைமேல் அமர்ந்து சூட்டைத் தணிக்கும். ஆள் நிற்கும்வரை அது கூட்டுக்குத் திரும்பாது. திறந்த வெயிலில் முட்டைக்குள் இருக்கும் கரு விரைவில் வெந்துவிடும். அதனால் இப்படி ஒரு பறவை நடந்துகொண்டால் படம் எடுக்க நிற்காமல், வந்த தடத்திலேயே பின்வாங்கிவிடுங்கள்.