ஜன்னலோரப் பறவைகள்: உடனிருப்போருக்கும் நோயாளருக்கும் ஒரு பயிற்சி

மருத்துவமனையில் நாள்கள் மெல்ல நகர்பவை. சொட்டு மருந்தையும் பரிசோதனை முடிவையும் எதிர்நோக்கியே பொழுது கழிவதால், நோயாளரும் உடனிருப்பவரும் நோயைத் தவிர வேறெதையும் பேசாமற்போவதுண்டு. அந்தப் பேச்சுக்கு ஓர் இடைவெளி தரும் எளிய பழக்கம் பறவை நோக்குதல். அதை இவ்விதழில் கற்போம்.

பயன் என்ன?

ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற 46 பேரின் மருத்துவக் குறிப்புகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரை மட்டுமே கண்ட 23 பேரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியது. எனவே இதனை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளாமல், மருந்தோடு சேரும் துணையாகவே கொள்வோம்.

எவ்வாறு தொடங்குவது?

காலையில் 15 நிமிடம் ஒரே இடத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். பறவையின் அளவு, அலகு, வால், செயல் ஆகிய நான்கையும் கவனித்தால் பெயர் தானே வசப்படும். பிளவுபட்ட நீண்ட வாலுடைய கரும்பறவை கரிச்சான். கூட்டமாகச் சருகைக் கிளறிக் கத்துவது தவிட்டுக்குருவி. கரிய உடலும் செம்பழுப்புச் சிறகும் சிவந்த கண்ணும் உடையது செம்போத்து. எழ இயலாத நோயாளருக்கு உடனிருப்பவர் கண்டதை வருணிக்கலாம். நோயாளர் பெயரைக் கண்டறியலாம். கேட்கும் குரல்களை இருவரும் சேர்ந்து எண்ணலாம். நாள், நேரம், எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நன்று.

படம் எடுக்கும்போது

கைபேசியே போதும். கூட்டை நெருங்குதலும் ஃபிளாஷ் பயன்படுத்துதலும் கூடாது. பிற நோயாளர் படத்தில் விழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு திரும்பி, நடமாட மருத்துவர் இசைந்த பின்னர், ஆண்டிபட்டிக்கு அருகே 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்குச் செல்லலாம். நீர்க்காகமும் கொக்கும் அங்கு எளிதில் தென்படும். காலை வெயில் நம் முதுகில் படுமாறு நின்றால் இறகின் நிறம் தெளிவாகப் பதியும்.

எச்சரிக்கை

ஜன்னலில் புறாக்களுக்குத் தீனி இட வேண்டாம். அவற்றின் எச்சத்தூசு சிலருக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் மிகுந்த கவனத்துடன் இருத்தல் வேண்டும். மனச்சோர்வும் உறக்கமின்மையும் தொடர்ந்தால், நோயாளராயினும் உடனிருப்பவராயினும் மருத்துவரிடம் தயங்காது கூறுக.

நாளைக் காலை மருத்துவர் வருமுன் ஜன்னல் திரையை விலக்கி, இருவரும் முதற்பறவையைக் குறித்துக்கொள்ளுங்கள். அது காகமாயினும் நன்றே.