மலைவீதிக்கு எந்தப் பெடல்?

கேள்வி: ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பகுதிகளில் சைக்கிள் ஓட்டுவதற்குச் சாதாரணத் தட்டைப் பெடல் போதுமா? சப்பாத்தைப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் முறைக்கு மாறினால் ஏற்றம் இலகுவாகுமா?

பதில்: பெடலில் காலை நிறுத்திவைக்க நான்கு வழிகள் உண்டு. தட்டைப் பெடலில் கால் சும்மா ஊன்றி நிற்கும். கூடும் வாரும் உள்ள பெடலில் சப்பாத்தின் நுனி ஒரு கம்பிக் கூட்டுக்குள் நுழைய, வார் அதை இறுக்கும். மற்ற இரண்டும் பூட்டுப் பெடல்கள். சப்பாத்தின் அடியில் திருகிய கிளீட் என்ற துண்டு, பெடலிலுள்ள வில்பூட்டில் மாட்டிக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழலும். இரண்டு திருகாணியில் நிற்கும் சிறிய உலோகக் கிளீட் ஒரு வகை. மூன்று திருகாணியில் நிற்கும் அகலமான பிளாஸ்டிக் கிளீட் மற்றொரு வகை.

மூன்று திருகாணி முறை பனிச்சறுக்கிலிருந்து வந்தது. சறுக்குக் கட்டையின் பூட்டுகளைச் செய்த பிரான்சின் லுக் நிறுவனம் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது. 1985 டூர் டி பிரான்ஸ் போட்டியில் பெர்னார்ட் ஹினோ அந்தப் பெடலோடு வென்ற பின் கூடும் வாரும் பந்தயங்களிலிருந்து வேகமாக மறைந்தன. இரண்டு திருகாணி முறையான எஸ்பிடியை ஷிமானோ நிறுவனம் 1990இல் மலைச் சைக்கிளுக்காக வெளியிட்டது. அதன் கிளீட் சப்பாத்தின் அடிக்குள் பதிந்திருப்பதால் இறங்கி நடக்கலாம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டும் போகலாம்.

பூட்டுப் பெடல் ஏற்றத்துக்கு உதவும் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், ஒரு கால் மிதிக்கும்போது மற்றக் கால் பெடலை மேலே இழுக்கும் என்பது. அளந்து பார்த்தால் இந்தக் காரணம் அவ்வளவாக நிற்பதில்லை. கோர்ஃபும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே மேலே இழுத்து மிதித்தபோது விசை பெடலில் சீராகப் பரவியது. ஆனால் அதே வேலைக்கு உடல் கூடுதல் சக்தியைச் செலவிட்டது. நிதானமான நீண்ட ஏற்றத்தில் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது கீழ்நோக்கிய மிதிதான். எனவே ஏற்றத்தை இலகுவாக்கவென்று மட்டும் மாறுபவர் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சிறிய கியர் அதைவிட அதிகம் உதவும்.

பூட்டுப் பெடலின் உண்மையான பயன் வேறு இடங்களில் இருக்கிறது. கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் இறங்கும்போது கால் பெடலிலிருந்து துள்ளாது. வேகமாக மிதிக்கும்போது வழுக்காது. பாதம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் அமர்வதால் நீண்ட சவாரியில் நிலை மாறாது. இவை பெறுமதியான பயன்கள். ஆனால் மலைநாட்டில் இவற்றுக்கு ஒரு விலை உண்டு, அது ஏற்றத்தில் புறப்படும்போது தெரியும். ஹட்டன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றன. இடையிலுள்ள ஏ-7 வீதி வளைவும் ஏற்றமுமாகப் போகிறது. வளைவில் பஸ்ஸுக்கோ கொழுந்து லொறிக்கோ ஒதுங்கி நின்றுவிட்டு மீண்டும் புறப்படும்போது, ஒரே மிதியில் சைக்கிள் நகர வேண்டும், மற்றக் கால் உடனே பெடலில் உட்கார வேண்டும். கிளீட் மாட்டவில்லையென்றால் வேகம் போய்விடும். பூட்டிய காலை விடுவிப்பதற்குள் ஆள் பள்ளப் பக்கமாகச் சாய்ந்துவிடுவார். இந்த விழுகை ஏறத்தாழ நின்ற நிலையில் நடப்பது. சமவெளியில் முழங்கை சிராய்ப்போடு போகும். குறுகிய மலைவீதியில் பின்னால் வாகனம் வரும்போது அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்தது மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தச் சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். சாதாரண சைக்கிளில் வரும் ரப்பர்க் கட்டைப் பெடல் ஈரத்தில் வழுக்கும். இறப்பர்ச் செருப்போடு சேர்ந்தால் இரட்டை ஆபத்து. அகலமான, நடுவில் சற்றுக் குழிந்த, விளிம்பில் சிறு இரும்பு முனைகள் உள்ள தட்டைப் பெடலையும், அடி வளையாத, தட்டையான இறப்பர் அடி கொண்ட சப்பாத்தையும் சேர்த்தால் மழையிலும் கால் நன்றாகப் பிடித்து நிற்கும். ஹட்டனில் வேலைக்கும் பாடசாலைக்கும் கடைக்கும் போய்வருபவருக்கு இந்தச் சேர்க்கைதான் சரி. முனைகள் கெண்டைக்காலைக் கீறக்கூடும் என்பது மட்டுமே இதன் குறை.

டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைத் தோட்டப் பாதைகளில் வாரந்தோறும் நெடுநேரம் ஓட்டுபவருக்கு இரண்டு திருகாணிப் பெடல் பொருந்தும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் பூட்டாகவும் உள்ள பெடல் இன்னும் நல்லது. டவுனுக்குள் தட்டைப் பக்கத்தை மிதிக்கலாம். களிச்சேறு கிளீட்டை அடைத்தால் பூட்டு மாட்டாது, ஆகவே சேற்றில் நடந்த பின் சப்பாத்தடியைத் தட்டிவிட்டே ஏற வேண்டும். புதியவர் பூட்டின் இறுக்கத்தை மிகக் குறைத்துக்கொண்டு, மேல்நோக்கி இழுத்தாலும் கழலும் எஸ்எச்56 கிளீட்டோடு, புல்தரையில் பழகட்டும்.

மூன்று திருகாணி முறை தார்வீதியில் பந்தயத்துக்குப் பழகுபவருக்கு உரியது. அந்தக் கிளீட்டோடு ஈரமான படிக்கட்டில் இறங்குவதே கடினம். கூடும் வாரும் இங்கே வேண்டாம்: வாரை இறுக்கினால் கால் வெளியே வராது, தளர்த்தினால் பிடிமானம் இல்லை.

கேள்வி: பூட்டுப் பெடலுக்கு மாறிய பின் முழங்கால் வலிக்கிறது. காரணம் என்ன?

பதில்: பெரும்பாலும் கிளீட்டின் கோணம். பாதம் இயல்பாக எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதற்கு மாறாகக் கிளீட் பூட்டினால், திருகல் முழங்காலில் விழும். பெருவிரலடி மேடு பெடல் அச்சுக்கு நேர்மேலோ சற்று முன்னாலோ வருமாறு கிளீட்டை வைத்து, பாதத்தின் இயல்பான திசைக்கு அதைத் திருப்ப வேண்டும். பூட்டுக்குள் பாதம் சிறிது அசைய இடமும் தேவை. ஷிமானோவின் மூன்று திருகாணிக் கிளீட்டில் சிவப்பு நிறம் அசையாது. நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை அசையும். வலி உள்ளவர் மஞ்சளில் தொடங்குவது நல்லது. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: இடப்பக்கப் பெடல் எவ்வளவு திருப்பினாலும் கழலவில்லை.

பதில்: இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். ஸ்பனரின் பிடியை மேல்நோக்கி வைத்துப் பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் கழலும். பெரும்பாலான பெடல்களுக்கு 15 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். சிலவற்றுக்கு 6 அல்லது 8 மில்லிமீற்றர் அலன் சாவி வேண்டும். புதிய பெடலைக் கையாலேயே சில சுற்று ஏற்றிப் பார்த்த பிறகே ஸ்பனரை எடுக்க வேண்டும். மரையில் கிறீஸ் பூசி ஏற்றினால் மழைக்காலம் கழிந்த பின்னும் துருப்பிடித்து இறுகாது.