இரவெல்லாம் ஓடும் கம்ப்யூட்டர்

கேள்வி: இன்ஜினீயரிங் படிக்கும் என் மகன் வீட்டு கம்ப்யூட்டரை ராத்திரி முழுக்க ஓட விடுகிறான். கேட்டால், 'ஃபோல்டிங் அட் ஹோம்' என்ற திட்டத்தில் சேர்ந்திருக்கிறேன், மருந்து ஆராய்ச்சிக்கு உதவுகிறது என்கிறான். நல்ல காரியம்தான். ஆனால் கரன்ட் பில் ஏறுகிறது, அறையும் சூடாகிறது. இதனால் உண்மையிலேயே யாருக்காவது பயன் உண்டா? தொடரச் சொல்லலாமா?
– ஒரு தந்தை, மதுரை

பதில்: பயன் உண்டு. தொடரச் சொல்லுங்கள், ஆனால் ராத்திரி முழுக்க வேண்டியதில்லை.

உங்கள் மகன் செய்வது என்னவென்று முதலில் சொல்கிறேன். நம் உடம்பிலுள்ள புரதங்கள் ஓயாமல் நெளிந்து, மடங்கி, விரிந்துகொண்டே இருப்பவை. மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் குழி சில நேரம் ஒரு கணம் திறந்து மூடிவிடும். அந்தக் கணத்தைப் பிடிக்க, ஒவ்வொரு அணுவின் அசைவையும் கணக்குப் போட வேண்டும். ஒரு மில்லிசெகண்ட் அசைவுக்கே சுமார் 50,000 கோடி படிகள் ஆகும். பெரும்பாலான ஆய்வகங்களிடம் அத்தனை கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக்கி உலகெங்கும் வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். திரும்பி வரும் துண்டுகளைச் சேர்த்து முழு அசைவையும் ஊகிக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே 2000-ல் தொடங்கியது இது.

2020-ல் கொரோனா வந்தபோது உலகெங்கும் மக்கள் திரண்டு வந்து சேர்ந்தார்கள். நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 சைபர் போட்ட அளவு கணக்கு என்ற எல்லையை உலகில் முதலில் கடந்தது எந்த அரசின் சூப்பர் கம்ப்யூட்டரும் இல்லை, இந்த வீட்டு கம்ப்யூட்டர்களின் கூட்டம்தான். அந்த வைரஸின் முள் புரதம் எப்படி வாயைத் திறக்கிறது, மற்ற புரதங்களில் எங்கெங்கே மறைவான குழிகள் இருக்கின்றன என்று ஆய்வாளர்கள் கண்டதை 2021-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். எனக்கு இன்றும் சிலிர்ப்பைத் தரும் விஷயம் அது.

'இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, ஆல்ஃபாஃபோல்ட் நிமிடத்தில் சொல்லிவிடுமே' என்று சிலர் கேட்பார்கள். ஆல்ஃபாஃபோல்ட் புரதத்தின் வடிவத்தைச் சொல்லும், ஒரு போட்டோ மாதிரி. அசைவு அதில் பெரும்பாலும் தெரியாது. மருந்து தேடுபவர்களுக்கு அசைவும் வேண்டும்.

ஒன்றை மறைக்கக் கூடாது: இந்தக் கணக்கு நேராக மாத்திரையாகி வந்துவிடாது. ஜப்பான் ஆய்வாளர்கள், குழந்தைகளைத் தாக்கும் நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுநோய்க்காக, 'வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்' என்ற இதேபோன்ற திட்டத்தின் மூலம் சுமார் 30 லட்சம் வேதிப்பொருள்களைச் சலித்தார்கள். நம்பிக்கை தந்தவை 7. அதற்குப் பிறகுதான் மருந்தாக்கும் நீண்ட வேலையே தொடங்குகிறது.

இனி கரன்ட் விஷயம். கம்ப்யூட்டர் கூடுதலாக 100 வாட் இழுத்தால், 10 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினமும் ராத்திரி ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட் கூடும். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். நம் மின் கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். உங்கள் வீடு 450-ஐ ஒட்டி நிற்கிறதென்றால் அந்த 60 யூனிட் சுமையாகவே இருக்கும். மீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வீட்டுச் செலவில் கைவைத்துச் செய்யவேண்டிய தானம் இல்லை இது.

பழைய கம்ப்யூட்டரை ராத்திரி முழுக்க ஓட்டுவதைவிட, புதிய கிராஃபிக்ஸ் கார்டு உள்ளதை இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் வேலை அதிகம் நடக்கும், யூனிட்டும் மிச்சமாகும். மதுரை வெயிலில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிறுத்திவிடலாம். அறைச் சூட்டைத் தணிக்க ஏசி போட்டால் செலவு இன்னும் கூடும். லேப்டாப்பில் வேண்டாம்; அந்தச் சூட்டில் பேட்டரி சீக்கிரம் போய்விடும். கேபினெட்டைத் திறந்து ஃபேனில் அடைந்த தூசியை அவ்வப்போது ஊதி எடுக்கச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. அதற்குள் முடியாவிட்டால் அதே வேலை வேறு யாருக்கோ போகும், நீங்கள் செலவழித்த கரன்ட் வீண். ஆகவே நிறுத்தும்போது, கையிலுள்ள துண்டை முடித்து அனுப்பிவிட்டு நிறுத்தும் வசதியைப் பயன்படுத்தட்டும். மென்பொருளைத் திட்டத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்க வேண்டும். கல்லூரி கம்ப்யூட்டரில் போடுவதானால் லேப் பொறுப்பாளரின் அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். அங்கே கரன்ட் உங்கள் மகனுடையதல்ல.