சங்கிலி ரம்பத்தால் மரம் அறுத்தல்: குறைந்த முதலில் கருவிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை

சாக்கோட்டை வட்டாரத்துக் குடியானவர்களின் பட்டா நிலங்களிலும் வீட்டுக் கொல்லைகளிலும் புளி, வேம்பு, மா, பூவரசு, வாகை, தென்னை முதலிய மரங்கள் நிற்கின்றன. காற்றினாலோ முதுமையினாலோ இவற்றுள் ஒன்று சாயுமாயின் அது பெரும்பாலும் விறகாகவே போய்விடுகிறது. வியாபாரி வந்து பார்த்து, வெட்டுக்கூலி, ஏற்றுகூலி, வண்டிச்சத்தம் யாவற்றையும் கழித்துக்கொண்டு விறகு விலையே பேசுகிறார். சில மாதங்கள் சென்றபின் அதே குடியானவர் மாட்டுக்கொட்டகைக்குச் சட்டங்களும் கதவுக்குப் பலகையும் வேண்டிக் காரைக்குடி மரவாடிக்குச் சென்று, கன அடிக் கணக்கில் ரொக்கங் கொடுத்து வாங்கி வருகிறார்.

இதற்குக் காரணம் மரத்தின் பாரமே. 6 அடிச் சுற்றும் 10 அடி நீளமும் உள்ள ஒரு புளிய மரத்துண்டு, சுற்றின் நாலிலொரு பங்கைத் தன்னாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்கும் மரவாடிக் கணக்கின்படி, 22½ கன அடியாகும். பச்சையாயிருக்கையில் அதன் எடை ஒரு டன்னை நெருங்கும். வரப்புக்கு நடுவே கிடக்கும் அத்துண்டைப் பாதைக்குக் கொண்டுவரவே ஆட்களும் யந்திரமும் வேண்டும். முற்காலத்தில் பள்ளம் தோண்டி, அதன்மேல் மரத்தை ஏற்றி, ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று பெரிய ரம்பத்தால் அறுத்து வந்தனர். அத்தொழிலாளர் இப்பொழுது கிடைப்பது அரிது. மரம் ஆலைக்குச் செல்வதற்குப் பதிலாக ரம்பம் மரத்தினிடம் செல்லுமாயின் பாரத்தின் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடும். கிராமங்களில் 'மரமறுக்கும் மிஷின்' என வழங்கும் சங்கிலி ரம்பத்தோடு ஓர் இரும்புச் சட்டகத்தைப் பூட்டி மரத்தை நீளவாட்டில் அறுக்கும் முறை இவ்வகையிலேயே பயன்படுகிறது. அமெரிக்காவில் இச்சட்டகத்தை அலாஸ்கா மில் என்பர்.

ஆயினும் இக்கருவி எல்லா வேலைக்கும் ஏற்றதன்று. வாங்குவதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தல் நலம். ரம்பம் செல்லுமிடத்தில் மரம் தூளாய்ப் போகிறது. ஆலையிலுள்ள பட்டை ரம்பத்தில் இந்நஷ்டம் அரைக்கால் அங்குலத்துக்கு மேற்படுவதில்லை; சங்கிலி ரம்பத்திலோ ஏறக்குறைய அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு போய்விடுகிறது. 12 அங்குலச் சதுரமாகச் செதுக்கிய மரமொன்றை 1 அங்குலப் பலகைகளாக அறுத்தால், பட்டை ரம்பத்தில் 10 பலகைகளும் சங்கிலி ரம்பத்தில் 9 பலகைகளும் கிடைக்கும். அதே மரத்தை 2 அங்குலக் கனத்தில் அறுத்தால் இரண்டிலும் 5 துண்டுகளே. 3 அங்குலக் கனத்தில் அறுத்தால் இரண்டிலும் 3 துண்டுகளே. ஆகவே விட்டம், சட்டம், நிலைக்கால், களத்துப் பலகை, வண்டிப் பலகை முதலிய கனத்த சாமான்களுக்கு இம்முறை நஷ்டமின்றி உதவும். மெல்லிய பலகைகளையும், விலையுயர்ந்த தேக்கையும் ஆலைக்குக் கொண்டுபோவதே சரி. தேக்கு நல்ல விலை பெறுவதால் வண்டிச்சத்தத்தை அதுவே தாங்கும். கதவுக்கு மட்டும் தேக்கு வேண்டுவோர், இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் பழைய பர்மாத் தேக்கைக் காரைக்குடிக் கடைகளில் விசாரித்துப் பார்ப்பதும் உண்டு. நன்றாய் உலர்ந்த மரம் அது.

இனிக் கருவிகளைக் கவனிப்போம். முதலில் தெரிய வேண்டுவது ரம்பத்தின் விலையன்று. அறுக்க வேண்டிய மரத்தின் குறுக்களவேயாம். ஒரு நூலால் மரத்தைச் சுற்றியளந்து மூன்றால் வகுத்தால் குறுக்களவு சற்று மிகையாகக் கிடைக்கும், மிகையாயிருப்பது நல்லதே. மேற்சொன்ன 6 அடிச் சுற்றுள்ள புளி 23 அங்குலக் குறுக்களவுடையது. சங்கிலி ஓடும் நீண்ட எஃகுத் தகட்டைப் பட்டறைக்காரர்கள் 'பார்' என்பர். சட்டகத்தின் பிடிகள் இதன் இரு முனைகளிலும் சேர்ந்து 4 முதல் 6 அங்குலம் வரை எடுத்துக்கொள்ளும். எனவே 24 அங்குலப் பாருடைய ரம்பத்தால் 18 அல்லது 20 அங்குல மரத்தையே அறுக்க முடியும். அதைவிடப் பெரிய மரமாயின், நான்கு பக்கமும் கோடரியால் செதுக்கிச் சிறிதாக்கிக்கொள்ளுதல் வேண்டும். இன்றேல் நீண்ட பார் உடைய யந்திரத்தை வாடகைக்கு அமர்த்துதல் வேண்டும்.

அடுத்தது என்ஜின். மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்கும் நீளவாட்டில் அறுப்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பலர் உணர்வதில்லை. குறுக்கு வெட்டு அரை நிமிஷத்தில் முடியும்; 10 அடி நீள அறுப்போ என்ஜினைப் பல நிமிஷங்கள் முழு வேகத்தில் இடைவிடாது உழைக்கச் செய்யும். கிளை கழிக்கும் சிறு யந்திரத்தை இவ்வேலையில் பூட்டினால் அது சூடேறி, பிஸ்டன் தேய்ந்து, சீக்கிரம் கெட்டுவிடும். ஓரடிக்குட்பட்ட மென்மரங்களுக்கு 50 அல்லது 60 சி.சி. என்ஜின் பொறுமையாக நடத்தினால் போதும். ஒன்றரை அடி வரையுள்ள வேம்புக்கும் மாவுக்கும் 70 சி.சி. வேண்டும், பெரிய புளிக்கு 90 சி.சி.க்குக் குறைந்தது தகாது. சந்தையில் 58 சி.சி. என்று எழுதப்பட்ட யந்திரங்கள் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவாகக் கிடைக்கின்றன. எழுதியுள்ள எண்ணுக்கும் உண்மையான அளவுக்கும் எல்லா யந்திரங்களிலும் பொருத்தமிருப்பதில்லை. பெயர் பெற்ற கம்பெனிகளின் 70 சி.சி. யந்திரத்தின் கிரயம் அதனைப் போல் பன்மடங்காகும். ஆனால் அதன் உதிரிச் சாமான்கள் பக்கத்து நகரத்தில் கிடைக்குமாயின் பத்து வருஷம் உழைக்கும். வாங்குமுன், சங்கிலி, பார், ஏர் பில்டர், ஸ்டார்ட்டர் கயிறு ஆகிய நான்கும் காரைக்குடியிலோ மதுரையிலோ எக்கடையில் கிடைக்கும் என்பதைக் கேட்டறிந்த பின்னரே பணத்தைக் கொடுத்தல் வேண்டும். உதிரிச் சாமான் கிடையாத யந்திரம் எத்துணை மலிவாயினும் வீண் செலவே.

ஆதலால் குடியானவர்கள் மூவகையாகப் பிரிந்து நிற்கின்றனர் எனலாம். கிளை கழிக்கவும் விறகு வெட்டவும் முன்பே ஒரு சிறு ரம்பம் வைத்திருப்பவர், சட்டகத்தையும் தகுந்த சங்கிலியையும் மட்டும் சேர்த்துக்கொண்டு சிறு மரங்களை அறுக்கலாம். பல வருஷங்களுக்கு ஒருமுறை ஒரு மரம் சாய்கிறவர் எதையும் வாங்க வேண்டியதில்லை. யந்திரமும் பழகிய ஆளும் உள்ளவரை நாட்கூலிக்கு அழைப்பதே லாபம். தோப்புடையவர் நால்வர் ஐவர் சேர்ந்தால் ஒரு 70 சி.சி. யந்திரத்தைப் பொதுவில் வாங்கலாம். அவ்விதம் வாங்கினால் ரம்பத்தை இயக்குபவர் ஒருவரே என்று முதலிலேயே நிச்சயித்துக்கொள்ள வேண்டும். பல கை மாறும் யந்திரத்துக்கு எண்ணெய்க் கலவையிலேயே கேடு வந்துவிடும். தரமான டூ-ஸ்ட்ரோக் எண்ணெயாயின் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மி.லி.யும், சாதாரண எண்ணெயாயின் 40 மி.லி.யும் என்பது பொது வழக்கு. யந்திரத்தோடு வரும் குறிப்பில் வேறு அளவிருந்தால் அதையே கொள்க. சங்கிலிக்கு ஊற்றும் எண்ணெயில் டிராக்டரிலிருந்து வடித்த பழைய எண்ணெயைச் சேர்க்கும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. அதிலுள்ள இரும்புத் துகள்கள் பாரை அரித்துவிடுவதோடு பலகையிலும் கறை படியும்.

பணத்தைச் சிக்கனமாகச் செலவிட விரும்புவோர் சங்கிலியில் சிக்கனம் பாராட்டலாகாது. கடையில் யந்திரத்தோடு கொடுக்கும் சங்கிலியின் பற்கள் குறுக்கே வெட்டுவதற்காக ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டப்பட்டவை. நீளவாட்டில் அறுப்பதற்கு இச்சாய்வு 10 பாகையாக இருக்க வேண்டும். தனியே அத்தகைய சங்கிலி கிடைக்காவிடில், பழைய சங்கிலியையே உருண்டை அரத்தால் சிறிது சிறிதாக 10 பாகைக்கு மாற்றித் தீட்டலாம். இதற்குச் செலவு ஓர் அரமும் ஒரு மாலைப்பொழுதுமே. பலகையின் முகம் வழவழப்பாவதையும், ரம்பம் உதறாமல் செல்வதையும் உடனே காணலாம். புளி, வேம்பு ஆகியவற்றின் வைரத்தில் ஒவ்வொரு டாங்கி பெட்ரோலுக்கும் ஒருமுறையேனும் தீட்டுவது அவசியம். ரம்பத்தைக் கையால் அழுத்த வேண்டி வந்தால் பல் மழுங்கிற்று என்று அறிக.

சட்டகத்துக்குப் பெருந்தொகை கொடுக்க வேண்டியதில்லை. சதுரக் குழாயும் போல்ட்டும் கொண்டு நல்ல வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். மூன்று அம்சங்களைப் பட்டறைக்காரரிடம் வற்புறுத்துதல் வேண்டும். பாரைப் பிடிக்கும் இரு பிடிகளும் ஒரே மட்டத்தில் ஏறியிறங்க வேண்டும். எப்பிடியும் சங்கிலியைத் தொடலாகாது. பிடியின் போல்ட்டுகள் அதிர்ச்சியில் கழலாதவாறு இரட்டை நட்டு வைத்திருக்க வேண்டும். முதல் அறுப்புக்கு மரத்தின் மேல் ஒரு நேரான தடம் தேவை. இதற்கு ஓர் அலுமினிய ஏணியே போதும். ஏணியை மரத்தின்மேல் திருகாணியால் பொருத்தி, இரு முனைகளிலும் மட்டப்பலகை வைத்து முறுக்கின்றி இருக்கிறதா என்று பார்த்தபின் அறுக்க வேண்டும். முதல் அறுப்பில் உள்ள கோணல் கடைசிப் பலகை வரை தொடரும். இரண்டாம் பலகைக்கு ஏணி வேண்டுவதில்லை. அறுத்த முகமே தடமாகும். மரத்தின் ஒரு முனையைக் கட்டையிட்டுச் சற்று உயர்த்தி, உயர்ந்த பக்கத்திலிருந்து அறுத்துச் சென்றால் ரம்பம் தன் பாரத்தாலேயே முன்னேறும். பின்னால் ஆப்புகளைச் செருகிக்கொண்டே செல்ல வேண்டும். இன்றேல் மேற்பலகை இறங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.

ஆணியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்பக்கத்தில் புளிய மரத்தில் பேயை அறைவதாகச் சொல்லி ஆணியடிக்கும் வழக்கம் உண்டு. பாதையோர மரங்களில் விளம்பரத் தகடுகளின் ஆணிகளும் வேலிக் கம்பியும் உள்ளே புதைந்து கிடக்கும். மரத்தின் குறுக்கு வெட்டில் நீலங் கறுத்த கறை தென்பட்டால் இரும்பு உண்டென்பது அடையாளம். வலிய காந்தத்தை மரத்தின்மேல் நகர்த்திப் பார்த்தால் மேலோட்டமாயுள்ளவை தெரியும். தரையிலிருந்து ஆள் உயரம் வரையிலுள்ள அடிமரமே இவ்விஷயத்தில் சந்தேகத்துக்குரியது.

சட்டகத்தில் செலவழிக்கும் தொகைக்குச் சமமான தொகையை ஆளின் பாதுகாப்புக்கு ஒதுக்கத் தயங்குகிறவர் இவ்வேலையில் இறங்கவே கூடாது. ஓடும் சங்கிலி தொடையில் பட்டால் துண்டோ வேஷ்டியோ தடுக்காது. வேஷ்டியின் முனை சங்கிலியில் சிக்கினால் காலையே இழுத்துக்கொள்ளும். சங்கிலியைத் தடுத்து நிறுத்தும் நார் வைத்த காற்சட்டை, காலணி, கண்ணாடி, காதடைப்பு, தலைக்கவசம் ஆகிய இவை யந்திரத்தின் விலையில் சேர்ந்தவையே என்று கொள்ள வேண்டும். பல மணி நேரம் புகையில் குனிந்து நிற்பவருக்குத் தலைவலியும், அதிர்ச்சியால் விரல் மரப்பும் வரும். காற்று முதுகுப்புறமாக அடிக்கும் திசையில் மரத்தை வைத்து, ஒவ்வோர் அறுப்புக்கும் இடையே யந்திரத்தைச் சற்று மெதுவாய் ஓடவிட்டு நிறுத்தி, ஆளும் இளைப்பாறுதல் வேண்டும். தனியாக அறுத்தல் ஒருபோதும் கூடாது. மோட்டார் வைத்த ஊர்களிலும் ஆஸ்பத்திரி தூரத்திலேயே இருக்கிறது.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், அண்டையிலுள்ள புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஜில்லாக்களில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தது. சர்க்கார் அப்பொழுது மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் நிவாரணமாக அறிவித்தது. அகற்றுவதே செலவாகிவிட்ட நிலையில் அடிமரத்தைப் பலகையாக்குவதைப் பற்றி நினைக்க யாருக்கும் அவகாசமில்லை. பிலிப்பைன்ஸ் தேசத்தில் 2013-ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஹையான் புயல் வீழ்த்திய தென்னைகளைச் சங்கிலி ரம்பங்களாலும் இடம்பெயரும் சிறு ஆலைகளாலும் அறுத்து, வீடுகளைத் திரும்பக் கட்டப் பயன்படுத்தினார்கள். அங்கே 2002-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு சங்கிலி ரம்பத்தையும் பதிவு செய்தாக வேண்டும். தென்னையில் அடிப்பாதியின் வெளிப்புறமே கடினமானது; நடுச்சோறு பலகைக்கு உதவாது. அதிலுள்ள மணற்சத்து பற்களை விரைவில் மழுக்கிவிடுவதால், அரம் பிடிக்கத் தெரிந்தவர் கூடவே இருத்தல் வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் பட்டாதாரர்களும் கவனிக்க வேண்டிய விதிகள் சில உண்டு. கண்மாய், ஊருணி, பாதை ஆகிய புறம்போக்குகளில் விழுந்த மரம், அடுத்துள்ள நிலக்காரருடையதன்று. அதை அறுக்கத் தொடங்குமுன் அலுவலருக்குத் தெரிவித்து உத்தரவு பெற வேண்டும். சந்தனம், ஈட்டி முதலிய மரங்களுக்குத் தனி விதிகள் இருக்கின்றன. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென 2021-ஆம் வருஷத்து வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அறுத்த மரத்தை வண்டியில் ஏற்றுமுன் 1968-ஆம் வருஷத்து மரப் போக்குவரத்து விதிகள் அவ்வகை மரத்துக்குப் பொருந்துமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டறிக. 1996-இல் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் இட்ட கட்டளைகளுக்குப் பின் மர அறுவை ஆலைகளின் உரிமம் பற்றிய விதிகள் கடுமையாயின. ஆகையால் பிறருக்குக் கூலிக்கு அறுத்துக் கொடுக்க எண்ணுவோர் யந்திரத்துக்குப் பணங்கட்டுமுன் வனத்துறையின் எழுத்து மூலமான பதிலைப் பெறுவது உத்தமம்.

அறுத்த பலகையை வெயிலில் போட்டால் வெடிக்கும். முனைகளில் பெயிண்டோ மெழுகோ பூசி, நிழலில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஒவ்வொரு பலகைக்கும் இடையே ஓரங்குலக் குச்சிகளை நேர்வரிசையில் வைத்து அடுக்கி, மேலே கனமான கற்களை ஏற்ற வேண்டும். ஓரங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மாவும் தென்னையும் வெட்டிய சில நாட்களிலேயே துளைக்கும் வண்டுக்கும் பூசணத்துக்கும் இரையாகும். எனவே இவற்றைத் தாமதமின்றி அறுத்து, 100 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ போரிக் ஆசிடும் 3 கிலோ வெங்காரமும் கரைத்த கரைசலில் பச்சையாகவே முக்கியெடுத்துப் பின்னர் அடுக்கலாம். இக்கரைசல் மழையில் கரைந்து போய்விடுமாதலால், கூரைக்குள் இருக்கும் சாமான்களுக்கே இது உதவும்.