வெய்யிலும் எங்கள் தோலும்: ஒரு சிறு கணக்கு

"யாழ்ப்பாணத்து வெய்யிலில் வளர்ந்த எங்களை சிட்னி வெய்யில் என்ன செய்யும்?" என்று எங்களவர் பலர் கேட்பதுண்டு. அங்கும் வெய்யில் குறைவில்லைத்தான். ஆனால் அங்கே தோட்டக்காரர் விடியமுன் இறைப்பைத் தொடங்கி, உச்சி வெய்யிலுக்கு முன் நிழலுக்கு வந்துவிடுவார். தலையில் துண்டும் இருக்கும். இங்கே எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமை நண்பகலில் கிரிக்கெட் மைதானத்தில் நாலு மணித்தியாலம் நிற்கிறார்கள்.

எங்கள் தோலிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருள் புறஊதாக் கதிர்களில் ஒரு பகுதியைத் தடுக்கிறது. ஆகவே வெள்ளையரைவிட எங்களுக்குத் தோற்புற்றுநோய் வெகு குறைவு. கணக்காளர் மொழியில் சொன்னால் இது வரிக்கழிவு. முழு வரிவிலக்கு என்று எண்ணிவிடக் கூடாது. முகத்தில் கரும்படையும் கண்ணில் கண்புரையும் எங்களுக்கும் வரும்.

வெக்கையை வைத்துக் கதிரை மதிப்பிட முடியாது. குளிர்காற்று வீசும் நவம்பர் நாளிலும் கதிர் கடுமையாக இருக்கலாம். பார்க்க வேண்டியது யு.வி. சுட்டெண். அது 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்புத் தேவை. சிட்னிக் கோடையில் நண்பகலில் 11ஐயும் தாண்டும். கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளி வைப்பதால் சூரியன் உச்சிக்கு வருவது ஒரு மணியளவில். கோவிலில் அன்னதானம் முடிந்து பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் ஓடி விளையாடுவதும் அதே நேரந்தான்!

சன்ஸ்கிறீன் விடயத்தில் எண்ணைவிட அளவே முக்கியம். எஸ்.பி.எஃப். 30 எரிக்கும் கதிரில் ஏறக்குறைய 97 வீதத்தையும், 50 என்பது 98 வீதத்தையும் தடுக்கும். வித்தியாசம் ஒரு வீதந்தான். ஆனால் வளர்ந்தவர் ஒருவர் உடல் முழுவதும் பூச ஏழு தேக்கரண்டி, அதாவது 35 மில்லிலீற்றர் வேண்டும். வெளியே போக இருபது நிமிடம் முன் பூசி, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அப்படியானால் 100 மில்லிலீற்றர் குழாய் மூன்று தடவைக்கே போதாது. ஒரே குழாயை மூன்று கோடைக்கு வைத்திருக்கும் வீடுகளும் உண்டு! செலவைக் குறைக்க வழி, அகன்ற விளிம்புத் தொப்பியும் நீளக்கைச் சட்டையும். காதையும் பிடரியையும் கிரிக்கெட் தொப்பி மறைக்காது.

மறுபக்கமும் உண்டு. கருமையான தோலில் விற்றமின் டி உண்டாக வெள்ளைத் தோலைவிடக் கூடிய நேரம் வெய்யில் வேண்டும். இதனாலேயே அவுஸ்திரேலியாவில் 2024இல் வெளியான ஆலோசனை தோல் நிறத்துக்கேற்ப வேறுபடுகிறது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் அம்மம்மா, அப்பப்பாவைக் குளிர்காலத்தில் சுட்டெண் 3க்குக் கீழ் இருக்கும்போது பகலில் சற்று வெளியே நடக்க விடுங்கள்.

இன்னொன்று. கருநிறத்தவருக்கு அரிதாக வரும் மெலனோமா பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் தோன்றுகிறது. அதற்கு வெய்யில் காரணமல்ல. பாடகர் பொப் மார்லி 1981இல் 36 வயதில் இறந்தது கால்விரலில் தொடங்கிய இந்த நோயால். கோவில் வாசலில் கால் கழுவும்போது பாதத்தையும் ஒருமுறை பாருங்கள். புதிதாக ஒரு கரும்புள்ளியோ, நகத்தில் அகன்றுவரும் கருங்கோடோ கண்டால், சப்பாத்து நசித்தது என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.