புதிய இம்பேசன்சு வருக்கமொன்றை உருவாக்கல்

காசித்தும்பையின் முற்றிய காயைத் தொட்ட மாத்திரத்தே அதன் ஓடுகள் சுருண்டு விதைகள் தெறித்து விழும். பொறுமையற்றது என்னும் பொருள்பட இச்சாதிக்கு இலத்தீன் மொழியில் இம்பேசன்சு எனப் பெயரிட்டமைக்குக் காரணம் இதுவே. இலங்கையின் ஈரக் காடுகளிலும் இச்சாதியைச் சேர்ந்த பல இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. மஞ்சட் பூக்களுடன் நிலத்திற் படரும் இம்பேசன்சு ரெப்பென்சு இலங்கைக்கே உரியது. எனினும், அலங்காரச் செடிகளாக உலகெங்கும் மிகுதியாக விற்கப்படுபவை வேறு இரண்டாகும். ஒன்று கிழக்காபிரிக்காவைச் சேர்ந்த வலேரியானா. மற்றையது நியூகினித் தீவைச் சேர்ந்த ஹோக்கரி.

வலேரியானா நிழற் பாத்திகளுக்கு நெடுங்காலமாக முதன்மையான பூஞ்செடியாக விளங்கியது. குட்டையான உருவம், அடர்ந்த பூ, பல்வகை நிறம் ஆகியவற்றையே இனவிருத்தியாளர் பெரிதும் நாடினர். அவற்றை அவர்கள் அடைந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2003 ஆம் ஆண்டில் பிரித்தானியாவிலும், 2011, 2012 ஆம் ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவிலும் கீழ்ப்பூஞ்சண நோய் இச்செடிகளைத் தாக்கியது. இலையின் கீழ்ப்புறத்தில் வெண்மாத் தூவியது போன்ற படலம் தோன்றும். பின்னர் இலையும் பூவும் உதிர்ந்து வெறுந்தண்டே எஞ்சும். நிறத்தில் வேறுபட்ட வருக்கங்கள் பலவிருந்தும் நோய்க்கு இடங்கொடுப்பதில் அவை யாவும் ஒன்றாகவே இருந்தன. அயலில் நின்ற நியூகினிச் செடிகளோ பெரும்பாலும் பாதிப்பின்றித் தப்பின. நோயைத் தாங்கவல்ல வலேரியானா வருக்கங்கள் பிற்காலத்திலேயே உருவாக்கப்பட்டன. பூவின் அழகு ஒன்றையே கருதிப் பெற்றார்ச் செடிகளைத் தெரிவுசெய்வதால் நேரக்கூடிய நட்டம் இத்தகையது.

பெற்றார்ச் செடிகள்

நியூகினி இனம் 1886 ஆம் ஆண்டளவிலேயே இங்கிலாந்தை அடைந்திருந்தது. எனினும் அது பரந்த அளவில் இனவிருத்திக்குப் பயன்பட்டது 1970 ஆம் ஆண்டின் பின்னரேயாம். அவ்வாண்டில் ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களமும் லோங்வூட் பூந்தோட்டமும் இணைந்து ஹரோல்ட் விண்டர்சு, யோசப் ஹிக்கின்சு ஆகியோரை நியூகினிக்கு அனுப்பின. அவர்கள் கொணர்ந்த செடிகள் 1972 இல் பிறருக்கு வழங்கப்பட்டன. பெரிய பூக்களும் மஞ்சட் கோடிட்ட இலைகளும் கண்ணைக் கவர்ந்தன. ஆயினும் எல்லாச் செடிகளும் சட்டிக்கு ஏற்ற அடக்கமான உருவம் கொண்டிருக்கவில்லை. இன்று விற்பனையிலுள்ள செழிப்பான செடிகள் பல்லாண்டுக் கலப்பினதும் தெரிவினதும் பயனாகும்.

இச்செடிகளை யாவா, செலிபீசுத் தீவுகளின் இனங்களோடு கலந்தபோது ஓர் இடையூறு தோன்றிற்று. நியூகினிச் செடியில் பொதுவாக 32 நிறமூர்த்தங்கள் உண்டு; யாவாச் செடியில் 16 மட்டுமே. இவ்விரண்டின் கலப்புப் பிள்ளைகள் நன்கு பூத்தாலும் விதை தருவதில்லை. கொல்சிசீன் என்னும் மருந்தால் நிறமூர்த்தங்களை இரட்டித்து வளத்தை மீட்கலாம். அது கடும் நஞ்சாதலால் ஆய்வுகூடத்துக்கு வெளியே கையாளத் தக்கதன்று. எனவே புதிதாகத் தொடங்குவோர் ஒரே இனத்துக்குள் கலப்புச் செய்வதே நன்று. உள்நாட்டு இனங்களில் ஆர்வமுடையோர் காப்புக்காடுகளிலிருந்து செடிகளைப் பிடுங்குதல் குற்றமென்பதையும் மறத்தலாகாது.

கலப்புச் செய்யும் முறை

இம்பேசன்சுப் பூவின் அமைப்பு இவ்வேலைக்கு மிக இசைவானது. ஐந்து மகரந்தக்கூடுகளும் ஒன்றாகப் பொருந்தி, சூலகத்தின் நுனியிலுள்ள குறியைக் குல்லாய்போல் மூடி நிற்கும். மகரந்தம் முதலில் உதிரும். சில நாட்களில் குல்லாய் முழுவதாகக் கழன்று விழ, பச்சை நிறக் குறி வெளித்தோன்றும். தாயாகத் தெரிந்த செடியில், மலருந் தறுவாயிலுள்ள மொட்டை மெல்லத் திறந்து, மகரந்தம் உதிருமுன்னரே இக்குல்லாயைச் சிறு சாமணத்தால் அகற்ற வேண்டும். ஓரிரு நாட்களில் குறியின் நுனி விரியும். அப்போது தந்தைச் செடியின் புதிய பூவொன்றைப் பறித்து, அதன் மகரந்தத்தைக் குறியிற் படும்படி தடவலாம். மழைச் சாரலும் பூச்சிகளும் அணுகாத இடத்தில் காலை வேளையில் இதனைச் செய்தல் சிறந்தது. தாய், தந்தை, திகதி ஆகிய மூன்றையும் அட்டையில் எழுதிப் பூக்காம்பிற் கட்டுதல் வேண்டும்.

காய் முற்ற மூன்று முதல் ஐந்து வாரங்கள் செல்லும். காய் பருத்து நிறம் வெளிறத் தொடங்குமுன் மெல்லிய துணிப் பையொன்றைக் காயின்மேற் கட்டுக. இதிற் சோம்பினால் அத்தனை உழைப்பும் ஒரு நொடியில் தெறித்து மண்ணில் மறைந்துவிடும்! விதைகள் மிகச் சிறியவை. முளைப்பதற்கு ஒளி வேண்டுவன. ஆதலின் அரித்த தும்புத்தூளும் மணலும் கலந்த கலவையின் மேற்பரப்பில் தூவி, மண்ணால் மூடாது, ஈரங் காயாமற் காத்தல் வேண்டும்.

தெரிவு செய்தல்

ஒரே காயிலிருந்து பெற்ற நாற்றுகளும் நியூகினி இனத்தில் ஒன்றையொன்று ஒத்திரா. முதற் பூவைக் கண்டு மகிழ்ந்து எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது வீண் செலவு. நெடிதாய் நெளிந்து வளர்வன, அடியிலை உதிர்வன, பூவை இலைக்குள் மறைப்பன யாவற்றையும் தயங்காது களைந்துவிட வேண்டும். நூறு நாற்றுகளில் ஒன்றிரண்டே எஞ்சினும் அது குறைவன்று. எஞ்சியவற்றை நன்கறிந்த பழைய வருக்கமொன்றின் அருகே வைத்து, மழைக்காலம், வெயிற்காலம் இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். நோய் கண்ட நாளையும் நோயின்றி நின்ற செடியையும் பூவின் நிறத்தைப் போலவே குறித்துவைத்தல் அவசியம்.

தெரிந்த செடியை விதையாற் பெருக்கினால் அதன் குணம் சிதறும். தண்டு வெட்டுத்துண்டுகளாலேயே பெருக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று அங்குல நீளமான நுனித்துண்டுகள் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும். ஆனால் தாய்ச்செடியிலுள்ள வைரசு நோய் துண்டுகளோடு கூடவே செல்லும். பனிப்பூச்சிகள் இம்பேசன்சின் இலைப்புள்ளி வைரசைப் பரப்புகின்றன. இலையில் கரும்புள்ளியோ வளையமோ கண்ட செடியை, அது எத்துணை அரிய பூவுடையதாயினும், துண்டெடுக்காது எரித்துவிட வேண்டும். தூய தாய்ச்செடிகள் சிலவற்றை விற்பனைச் செடிகளினின்றும் விலக்கி, பூச்சிவலைக்குள் தனியே பேணுதல் வேண்டும்.