எழுத்தும் எண்ணும்

சிதம்பரத்தை அடுத்துப் பிச்சாவரம் என்னும் அலையாத்திக் காடு உள்ளது. கடலூர்ப் பள்ளியொன்றின் மாணவர் 23 பேரும், சிதம்பரப் பள்ளியொன்றின் மாணவர் 14 பேரும் அதனைக் காணச் செல்கின்றனர் என்று கொள்வோம். எத்தனை பேருக்கு உணவு வேண்டும் என்று அறிய, மாணவன் ஒருவன் பைத்தான் 3 என்னும் கணினி மொழியில் சிறு நிரல் ஒன்று எழுதுகின்றான். நிரல் கேட்க, அவன் 23 என்றும் 14 என்றும் விசைப்பலகையில் தட்டுகின்றான். திரையில் தோன்றும் விடையோ 37 அன்று, 2314! இதனை நம்பி உலை வைத்தால் என்னாகும்?

இதன் காரணம் யாது? விசைப்பலகை எண்ணின் மதிப்பை அறியாது. எந்த விசை அழுத்தப்பட்டது என்பதையே அறிவிக்கும். கணினிக்கு 2 என்பதும் ஓர் எழுத்தே. அதன் குறியெண் 50. 3 என்பதன் குறியெண் 51. தட்டிய எழுத்துகளைக் கணினி ஒரு வரியாகத் திரட்டி வைக்கும். 'என்டர்' விசையை அழுத்தும்வரை அவற்றை அழித்துத் திருத்தலாம். அழுத்தியபின், 'இன்புட்' என்னும் கட்டளை அவ்வரியை எழுத்துத் தொடராகவே நிரலிடம் ஒப்படைக்கும். எழுத்துத் தொடர்களுக்கிடையே கூட்டற்குறி இட்டால் அவை கூடுவதில்லை, புணர்கின்றன. வாழை, மரம் என்னும் சொற்கள் வாழைமரம் என இயல்பாய்ப் புணர்வதுபோல, 23, 14 என்பன 2314 ஆயின.

எழுத்தை எண்ணாக்குவது 'இன்ட்' என்னும் கட்டளை. அதனைப் பயன்படுத்தினால் 37 என்னும் சரியான விடை கிடைக்கும். தமிழெண்ணால் ௨௩ என்று தந்தாலும் அது 23 என ஏற்கும். ஆனால், பத்தின் குறியைச் சேர்த்துப் பழைய முறைப்படி ௨௰௩ என்று தந்தால் ஏற்காது. இடமதிப்பு முறையையே அது அறியும்.

'இருபத்து மூன்று' என்று ஒருவர் எழுத்தால் தட்டினால், நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நல்ல நிரலோ அப்பிழையைக் கண்டு, "எண்ணால் தருக" என மீண்டும் கேட்கும். −5 என்று தந்தால், அஃது எண்ணேயாயினும் ஆள்தொகை ஆகாது என்று மறுக்கும்.

ஆகவே, பிறரிடமிருந்து ஒன்றைக் கேட்டுப் பெறும் நிரலுக்கு மூன்று கடமைகள் உள்ளன. வேண்டுவதைத் தெளிவாகக் கேட்டல் வேண்டும். பெற்றதை உரிய வகையாக மாற்றல் வேண்டும். அது பொருந்துமா என ஆராய்தல் வேண்டும். கூட்டல் அவற்றிற்குப் பின்னரே.